சிற்றூர்ப் பங்குக் கோயிலில் இவ்வளவு கலை எப்படி வந்தது? ஸ்டைன்ஹவுசன் சொல்லும் விடை

ஐரோப்பாவின் சிற்றூர்ப் பங்குக் கோயில்கள் சிலவற்றில் பேராலயங்களுக்கு நிகரான பரோக் கலை (17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செழித்த அலங்காரம் மிகுந்த பாணி) எவ்வாறு அமைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு கோயிலை வைத்தே விடை சொல்கிறேன். தெற்கு ஜெர்மனியில், மேல் சுவேபியா வட்டாரத்தில், ஸ்டைன்ஹவுசன் என்னும் ஊரிலுள்ள புனித பேதுரு பவுல் ஆலயம் அது. 'உலகின் மிக அழகிய கிராமக் கோயில்' என்று அதைச் சொல்வதுண்டு; எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

முதற்காரணம் திருப்பயணிகள். இறந்த மகனை மடியில் ஏந்திய வியாகுல மாதாவின் பழைய சுரூபம் ஒன்று அங்கே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சுரூபத்தை நாடி மக்கள் திரண்டு வந்தனர். இரண்டாவது காரணம், ஊருக்கு உரிமை பூண்டிருந்த ஷுசன்ரீட் துறவிமடம். அதன் தலைவர் டிடாக்குஸ் ஸ்ட்ரோபெலே, புதிய கோயிலைக் கட்டும் பொறுப்பை டொமினிகுஸ் ஸிம்மர்மனிடம் ஒப்படைத்தார். 1728இல் தொடங்கிய பணி 1733இல் அபிஷேகம் கண்டது. செலவோ மதிப்பிட்டதைப் போலப் பல மடங்காகிவிட, அதே ஆண்டில் ஸ்ட்ரோபெலே தலைமைப் பதவியை இழந்தார். இன்று நாம் வியந்து நிற்கும் அழகுக்கு அவர் கொடுத்த விலை அது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

டொமினிகுஸ், சுதை வேலைக்குப் பேர்போன வெசோப்ரூன் வட்டாரத்துக்காரர். கொத்தனாரின் கணக்கும் சுதைக் கலைஞரின் விரலும் ஒருவரிடமே கூடியிருந்தன. வழக்கமான நீள்சதுர மண்டபத்தை விட்டுவிட்டு அவர் நீள்வட்டத்தைத் தேர்ந்தார். அதனுள் தனித்து நிற்கும் பத்துத் தூண்கள் விதானத்தைத் தாங்குகின்றன. தூண்களுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே, கூட்டம் நெருக்கியடிக்காமல் சுற்றிவர வழி இருக்கிறது. சுவரிலுள்ள பெரிய சன்னல்களின் ஒளி வெள்ளைத் தூண்களில் பட்டுச் சிதறி உள்ளே பரவுவதால், மேலே பார்க்கும்போது கூரையின் பாரமே தெரிவதில்லை.

அந்த விதானத்தில் ஓவியம் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட். நடுவே மரியன்னை விண்ணேற்பு. கீழ் விளிம்பில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களின் மாந்தர். ஒரு முனையில் ஆதாம் ஏவாளின் ஏதேன் தோட்டம், மறுமுனையில் நீரூற்றோடு கூடிய, ஒழுங்காக வெட்டிச் சீரமைத்த தோட்டம். வேலியடைத்த தோட்டமும் ஊற்றும் மரியன்னைக்கு மரபாக வழங்கும் உருவகங்கள் என்பதால், ஏவாளால் இழந்தது மரியாளால் மீண்டது என்ற மறையுரை எழுத்தின்றியே முடிந்துவிடுகிறது. எழுத்தறியாத உழவரும் அண்ணாந்து படிக்கக்கூடிய மறையுரை அது. விதானத்தின் சுதை வேலை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் கைகோத்ததன் பயன் இது.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்து நின்றது சன்னல் ஓரங்களைத்தான். அணில், மரங்கொத்தி, கொண்டலாத்தி, வண்டு, தேனீ என்று வயல்வெளி உயிர்களைச் சுதையில் செய்து அங்கே அமர்த்தியிருக்கிறார்கள். வெளியே வேலையை விட்டுவந்து பூசைக்கு நின்றவர்கள், தாம் அன்றாடம் கண்ட அதே அணிலை மோட்சத்தின் விளிம்பிலும் கண்டிருப்பார்கள்.

இதே சகோதரர்கள் பின்னர் பவேரியாவில் கட்டி அலங்கரித்த வீஸ் கோயில்தான் 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் நீள்வட்ட மண்டபத்தின் முதல் வடிவத்தைக் காண விரும்பினால் ஸ்டைன்ஹவுசனுக்கே போக வேண்டும்.