வாசகர் கேள்வி - பதில்: மதமும் குடியுரிமையும்

கேள்வி: கல்லூரி ஆய்வுக்கு 'உங்கள் மதம் எது?' என்று கேட்கப்போகிறேன். இந்த ஒரு கேள்வி போதுமா?

பதில்: போதாது. எல்லோருக்கும் ஏதோ ஒரு மதம் இருக்கிறது என்று அந்தக் கேள்வியே முடிவுகட்டிவிடுகிறது. நம்பிக்கை விட்டுப்போனவரும் பிறந்த வீட்டு மதத்தைப் பழக்கத்தில் எழுதிவிடுவார். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே வாசகம்தான்; 2021இல் 'மதம் இல்லை' என்றவர்கள் 37.2 சதவீதம். 'ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?' என்று கேட்கும் பிரிட்டிஷ் ஆய்வுகளில் அந்த எண்ணிக்கை ஏறிவிடுகிறது.

மதத்தில் சேர்ந்திருப்பது, வழிபடுவது, நம்புவது மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். 'அடிக்கடி' என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். ஒருவருக்கு அது தினமும். இன்னொருவருக்கு வருடத்தில் நாலு தடவை. 'கடந்த 7 நாட்களில் வழிபாட்டுக்குப் போனீர்களா?' என்பதே தெளிவு. பண்டிகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், எண்ணிக்கை ஊதிவிடும். கல்யாணத்துக்குப் போனதை இதில் சேர்க்காதீர்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உண்மையான பதில் வராது. தனியாக, தாளில் எழுதச் சொல்லுங்கள். முதலில் 10 பேரிடம் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: குடியுரிமை என்றால் பாஸ்போர்ட் மட்டும்தானா?

பதில்: இல்லை. பிரிட்டிஷ் சமூகவியலாளர் டி.எச். மார்ஷல் 1950இல் அதைச் சிவில் (தனிமனித சுதந்திரம் சார்ந்த), அரசியல், சமூக உரிமைகள் என்று மூன்றாகப் பிரித்தார். ஓட்டுரிமை இருந்தும், பெயரைக் கேட்டதுமே ஒருவருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டால், அவருடைய குடியுரிமை பாதிதான்.