ஹால் என்றால் ரேழி, காட் என்றால் தொட்டில்: இங்கிலாந்து வாடகை விளம்பரத்தைப் படிக்கும் விதம்

தம்பி, உங்கள் கேள்வி சுருக்கமாக இது: சென்னையிலிருந்து லெஸ்டருக்கு வேலை விசாவில் வருகிறீர்கள், இரண்டு மாதம் கழித்து மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் வருவார்கள். விளம்பரங்களில் வரும் டெரஸ்டு, மேசனெட், பெட்சிட், எச்.எம்.ஓ. எல்லாம் என்ன, எதை எடுப்பது, கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

தெரியாத சொற்களை எப்படியும் தேடிப் பார்த்துவிடுவீர்கள். ஆளைக் கவிழ்ப்பவை தெரிந்த சொற்கள்தான். அட்வான்ஸ், லீஸ், ஹால், டெரஸ், பங்களா எல்லாம் இங்கேயும் உண்டு, பொருள்தான் வேறு.

பணத்திலிருந்து தொடங்குவோம். ஊரில் அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்ப வரும் தொகை. இங்கே அதற்கு டெபாசிட் என்று பெயர். ‘ரென்ட் இன் அட்வான்ஸ்’ என்பது முன்கூட்டிக் கட்டும் வாடகை, அது திரும்பாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாதம் 1,000 பவுண்டு என்றால் 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுங்கள்: வாரத்துக்கு 230.77, ஐந்து வாரத்துக்கு 1,153.85. வீட்டை உங்களுக்காக நிறுத்திவைக்க ‘ஹோல்டிங் டெபாசிட்’ கேட்பார்கள். அதற்கு உச்சவரம்பு ஒரு வார வாடகை. நீங்களாகப் பின்வாங்கினாலோ தவறான தகவல் கொடுத்தாலோ அது போய்விடும். தரகுக்கூலி, ‘அட்மின் ஃபீ’, ‘ரெஃபரன்ஸ் ஃபீ’ எதுவும் வாடகைக்கு வருபவரிடம் வாங்க 2019 ஜூன் 1 முதல் தடை.

புதிதாக வருபவருக்கு இங்கே கடன் வரலாறு இருக்காது என்பதால் முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது வழக்கம். 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் தொடங்கும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது, அதுவும் கையெழுத்தான பிறகுதான். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஆறு மாதப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. ‘கேரண்டர்’, அதாவது ஜாமீன் நிற்கும் ஆள், கேட்கலாம். அதற்கு உங்கள் நிறுவனத்திடம் இப்போதே பேசிவையுங்கள்.

கொடுத்த டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஏற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதமாக உங்களுக்குத் தரும்படி நீதிமன்றம் சொல்லலாம். குடியேறும் நாளில் ‘இன்வென்டரி’ என்று ஒரு பட்டியல் வரும். கையெழுத்திடும் முன் சமையல் மேடை, கம்பளம், அடுப்பு, சுவர் மூலை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நம்மவர்கள் டெபாசிட்டை இழப்பது பெரும்பாலும் மேடையில் ஊறிய மஞ்சள் கறையாலும், ஜன்னல் மூடிய அறையில் துணி காயவைத்து வந்த பூஞ்சையாலும்தான்.

விளம்பரத்தில் ‘பி.டபிள்யூ’ என்றால் வாரத்துக்கு, ‘பி.சி.எம்’ என்றால் மாதத்துக்கு. வாரம் 200 என்றால் மாதம் 800 அல்ல, 866.67. ‘லெட் அக்ரீட்’ என்று போட்டிருந்தால் வீடு போய்விட்டது. லீஸுக்கு வீடு தேடுகிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்தி முறை இங்கே கிடையாது. லீஸ்ஹோல்டு என்பது வீடு வாங்கும்போது வரும் பேச்சு. அதை அப்போது பார்க்கலாம்.

வீட்டு வகைகளுக்கு வருவோம். டெரஸ் என்றதும் மொட்டைமாடி நினைவுக்கு வரும். டெரஸ்டு வீடு என்பது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு. நம் அக்கிரகாரத் தெரு மாதிரி, ஆனால் மாடியோடு. லெஸ்டரில் இவை ஏராளம். வரிசையின் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சூடு காக்கும், எரிவாயுச் செலவு குறையும். கடைசி வீடு ‘எண்டு டெரஸ்’. ஒரு பக்கச் சுவர் குளிருக்குத் திறந்திருக்கும். இரண்டு வீடு மட்டும் ஒட்டியிருந்தால் ‘செமி’, நாம் ‘இண்டிபெண்டன்ட் ஹவுஸ்’ என்பது ‘டிடாச்டு’. பங்களோ என்றால் மாடியில்லாத ஒற்றைத்தள வீடு, பணக்கார வீடு என்ற பொருளே இல்லை. மேசனெட் என்பது வெளியிலிருந்து தனி வாசல் வைத்த ஃபிளாட், பெரும்பாலும் இரண்டு தளம். எதுவானாலும், வீட்டைச் சூடாக வைக்க எவ்வளவு செலவாகும் என்பதைக் காட்டும் ஆற்றல் சான்றிதழில் என்ன எழுத்து என்று கேளுங்கள். ஏ முதல் ஜி வரை உண்டு, ஏ-தான் சிறந்தது. பொதுவாக ஈ-க்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு சி அல்லது டி பாருங்கள்.

ஹால் என்பது வாசலை ஒட்டிய ரேழி. நீங்கள் தேடும் கூடத்துக்கு ‘லிவிங் ரூம்’, ‘லவுஞ்ச்’, ‘ரிசெப்ஷன்’ என்று பெயர். ‘டூ பெட்’ என்றால் இரண்டு படுக்கையறை, இரண்டு கட்டில் அல்ல. ‘பாக்ஸ் ரூம்’ ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. காட் இருக்கிறதா என்று கேட்டால் குழந்தைத் தொட்டிலைக் காட்டுவார்கள். உங்களுக்கு அதுவும் தேவைதான், ஆனால் கட்டிலுக்கு ‘பெட்’ என்றே கேளுங்கள். கீசர் என்றால் விழிப்பார்கள். வெந்நீரும் வீட்டுச் சூடும் தருவது பாய்லர். ‘அன்ஃபர்னிஷ்டு’ வீட்டில் அடுப்பு இருக்கும், குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் இல்லாமல் போகலாம். ‘பார்ட் ஃபர்னிஷ்டு’க்கு நிலையான பொருளே இல்லை, என்னென்ன என்று எழுதி வாங்குங்கள்.

இனி, முதல் இரண்டு மாதம் தனியாக இருக்கும் உங்களுக்கு முக்கியமான பகுதி. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து ஓர் அறையை உங்களுக்குக் கொடுத்தால் நீங்கள் ‘லாட்ஜர்’. வீட்டுக்காரர் வேறிடத்தில் இருந்தால் ‘டெனன்ட்’. அறை அதேதான், சட்டம் வேறு. லாட்ஜருக்கு டெபாசிட் பாதுகாப்பு கட்டாயமில்லை. நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போகாமலே வெளியே அனுப்பலாம். டெனன்டை அப்படி அனுப்ப முடியாது. ஆனால் டெனன்ட் கிளம்ப நினைத்தால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். உங்கள் கணக்குக்கு, முதல் இரண்டு மாதம் ஒரு மாத முன்னறிவிப்பு எழுதிய லாட்ஜர் அறையே தோது. ஒருவேளை அது சரிப்படாவிட்டாலும் சீக்கிரம் வெளியேறலாம்.

எச்.எம்.ஓ. என்பது ஒரே குடும்பமல்லாத மூன்று பேராவது சமையலறையையோ கழிவறையையோ பகிரும் வீடு. ஐந்து பேர் ஆனால் நகராட்சி உரிமம் கட்டாயம். உரிமப் பதிவேடு பொதுப் பார்வைக்கு உண்டு. உரிமம் பெற்ற வீட்டில் ஒரு பெரியவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி, இருவருக்கு 10.22. குழந்தையோடு அங்கே போகாதீர்கள். பெட்சிட் என்பது படுக்கையும் இருக்கையும் ஒரே அறையில், குளியலறையை மற்றவர்களோடு பகிர வேண்டும். ஸ்டுடியோவுக்கு சொந்தக் குளியலறை உண்டு. தோட்டத்தில் கட்டிய கொட்டகையையும் ஸ்டுடியோ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அரசுத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, அந்த முகவரிக்குத் தனி ‘கவுன்சில் டாக்ஸ்’ (வீட்டுக்கான நகராட்சி வரி) பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

அந்த வரியும் வாடகையில் சேராது. தனி வீட்டில் குடியிருப்பவரே கட்ட வேண்டும், பெரும்பாலும் ஏப்ரல் முதல் பத்துத் தவணையில். வீட்டில் ஒரே பெரியவர் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. மனைவி வந்ததும் நகராட்சிக்குத் தெரிவித்துவிடுங்கள். ‘பில்ஸ் இன்க்ளூடட்’ என்றால் இந்த வரியும் சேர்த்தியா என்று தனியாகக் கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ‘ரைட் டு ரென்ட்’, அதாவது இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்ற சோதனை நடக்கும். இ-விசா கணக்கிலிருந்து ஒன்பது எழுத்துக் குறியீடு எடுத்துத் தர வேண்டும். வாடகைக்கானது ‘ஆர்’ என்று தொடங்கும், 90 நாள் செல்லும். வேலைக்கான குறியீட்டைக் கொடுத்தால் வேலைக்காகாது. மனைவி, குழந்தை வருவதை முதலிலேயே முகவரிடம் சொல்லி, ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு ‘ஸ்டே’ போடுவோம். இங்கே அது ஹோட்டலிலோ நண்பர் வீட்டிலோ தங்குவது. வங்கியிலும் மருத்துவரிடமும் ‘லிவ்’ என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிரந்தர முகவரி எது என்று மறுபடி கேட்பார்கள். எடின்பரோவுக்கோ கிளாஸ்கோவுக்கோ போனால் அவர்களே ‘வேர் டு யூ ஸ்டே’ என்பார்கள், நம்மைப் போலவே. ஆனால் ஸ்காட்லாந்தில் வாடகைச் சட்டம் தனி. மேலே சொன்ன ஐந்து வாரக் கணக்கு, ரைட் டு ரென்ட் இரண்டும் அங்கே கிடையாது.