ஊக்கமருந்தில் சிக்கிய குண்டு எறிதல் வீராங்கனையிடம் பழைய பதக்கங்களையும் பறிப்பது ஏன்?

உடல்திறனைச் செயற்கையாகக் கூட்டும் தடைசெய்யப்பட்ட பொருள்தான் ஊக்கமருந்து. 4 கிலோ குண்டை ஒரே உந்தலில் தள்ள தசைபலம் வேண்டும். அதனால் இங்கே தசையை வளர்க்கும் ஊக்கமருந்தான ஸ்டீராய்டு மீது ஆசை அதிகம்.

போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியைக் கொட்டிவிடுவதில்லை, உறைய வைக்கிறார்கள். புதிய சோதனை முறை வந்ததும், பழைய விடைத்தாளை மறுபடி திருத்துவதுபோல மீண்டும் பார்க்கிறார்கள்.

பெலாரஸின் நாத்சேயா ஒஸ்டாப்சுக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 21.36 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால், ஒரே வாரத்தில் அது நியூசிலாந்தின் வலேரி ஆடம்ஸுக்குப் போனது. அப்புறம் 2005 உலகப் போட்டி மாதிரியும் 2008 பெய்ஜிங் மாதிரியும் மாட்டின. அந்தப் பதக்கங்களும் போயின.

ஊக்கமருந்து தெரியாமல் உடம்பில் சேர்ந்தால் பதக்கம் தப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் சாப்பாட்டில் கலந்தது நான்தான் என்று ஒஸ்டாப்சுக்கின் பயிற்சியாளர் சொல்லியும் லண்டன் தங்கம் திரும்பவில்லை.