மொபைல் ஆப்பில் அறிமுக பாப்-அப் திரைகளை எப்படிச் சேர்ப்பது? எத்தனை வைக்கலாம்?

எப்படிச் சேர்ப்பது என்பது ஒரு மதியப் பொழுது வேலை. எத்தனை வைப்பது என்பதில்தான் சண்டை வரும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

காரைக்குடியில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு ஆப் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அண்மையில் முடித்தது ஆத்தங்குடி டைல் பட்டறை ஒன்றுக்கு. பூ வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அறையின் அளவைப் போட்டால், எத்தனை டைல், எவ்வளவு ரூபாய் என்று காட்டி ஆர்டர் எடுத்துக்கொள்ளும். ஆப்பை முதல்முறை திறந்ததும் வரும் அறிமுகத்துக்குப் பட்டறைக்கார அண்ணன் ஆறேழு திரை கேட்டார். பெரிய வீட்டு முகப்பு ஒன்று, கண்ணாடி மேல் சாயம் ஊற்றுகிற படம் ஒன்று, அப்பச்சி காலத்துப் பட்டறை ஒன்று... "வந்தவுகள வாங்கன்னு கேக்காம எப்புடித் தம்பி உள்ள விடுறது?" என்றார். செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு எதிர்வாதம் கிடையாது. "வாங்கன்னு கேளுங்கண்ணே, ஆனா திண்ணையிலயே நிக்க வச்சு வீடு கட்டுன கதையச் சொல்லாதீக" என்றேன். சிரித்துவிட்டார். கடைசியில் ஒரே திரை: ஒரு படம், ஒரு வரி, ஒரு பொத்தான்.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? தேவைப்படும் இடத்துக்குப் போயிற்று. 10 அங்குல டைல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். 8 அங்குலம் என்றால் 225. இதை நுழையும்போதே சொன்னால் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? அளவு போடுகிற கட்டத்தின் கீழேயே சிறு குறிப்பாக வைத்தோம். அறிமுகத்தைத் தவிர, முழுத்திரையை மறிக்கிற பாப்-அப் ஒன்றே ஒன்றுதான், பணம் கட்டுவதற்கு முன்னால்: கையால் ஊற்றுவது, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, போனில் தெரியும் நிறம் கொஞ்சம் மாறும், தண்ணீரில் ஊறிக் காய வேண்டும் என்பதால் நாளைக்கே வந்துவிடாது. தகராறு வருகிற இடம் இதுதான். ஆகவே மறிக்க வேண்டிய இடமும் இதுதான்.

நோட்டிஃபிகேஷன் அனுமதியை அறிமுகத் திரையோடு சேர்த்துக் கேட்கவே கேட்காதீர்கள். ஐபோனில் அந்தப் பெட்டி ஒரே ஒரு முறைதான் வரும். மறுத்துவிட்டால் அவரே செட்டிங்ஸுக்குப் போய் மாற்றினால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 13 முதல் அங்கேயும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், இரண்டு முறை மறுத்தால் அப்புறம் பெட்டி வராது. இன்னும் ஒன்றுமே வாங்காதவர் எதற்கு 'சரி' சொல்லப்போகிறார்? ஆர்டர் முடிந்த பக்கத்தில் "டைல் தயாரானதும் தகவல் சொல்லவா?" என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தும்போது அனுமதி கேட்டால் போதும்.

இனி செய்முறை. விரலால் தள்ளிப் பார்க்கும் திரைகளுக்கு, பிளட்டர் (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து ஆப் எழுதும் கருவி) என்றால் பேஜ்வியூ, கம்போஸ் (ஆண்ட்ராய்டில் திரை எழுதும் புது முறை) என்றால் ஹரிசான்டல் பேஜர். பழைய முறையில் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப்பில், பாப்-அப் பெட்டிக்கு டயலாக்ஃபிராக்மென்ட் பயன்படுத்துங்கள். போனைத் திருப்பினாலும் பெட்டி காணாமல் போகாது. ஐஓஎஸ் 17-இல் தொடங்கி, சிறு குறிப்புகளுக்கென்றே டிப்கிட் என்ற ஆப்பிளின் கருவி இருக்கிறது.

'பார்த்தாயிற்று' என்பதைப் போனிலேயே சிறு தகவல்களைச் சேமித்து வைக்கும் இடங்களில், அதாவது ஆண்ட்ராய்டில் ஷேர்டு பிரிஃபரன்ஸஸ் அல்லது டேட்டாஸ்டோர், ஐபோனில் யூசர் டிஃபால்ட்ஸ், எதிலாவது சேமிக்க வேண்டும். ஆம்/இல்லை என்று சேமிக்காமல் ஓர் எண்ணாகச் சேமியுங்கள். பின்னால் புது வசதி சேர்க்கும்போது, 1 பார்த்தவருக்கு 2 மட்டும் காட்டலாம். 'தவிர்' அழுத்தினாலும் பார்த்ததாகவே கணக்கு. டேட்டாஸ்டோர் படித்து முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை ஸ்பிளாஷ் திரையை (ஆப் திறக்கும்போது முதலில் வரும் லோகோ திரை) பிடித்து வைக்காவிட்டால், முகப்புப் பக்கம் மின்னி மறைந்து அதற்குப் பிறகு அறிமுகம் வரும், அசிங்கமாக இருக்கும்.

ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்து "அறிமுகத் திரை வரவில்லையே" என்று யாராவது கூப்பிடுவார்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் ஆட்டோ பேக்கப் இருக்கிறது. அந்த எண்ணையும் கூகுள் டிரைவில் எடுத்து வைத்து, திரும்பப் போடும்போது கொண்டுவந்துவிடும். பழைய வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான். சோதிப்பவரிடம் மட்டும், நீக்க வேண்டாம், செட்டிங்ஸில் ஆப் தரவை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதினால் இன்னொன்று. நம் சொற்கள் நீளம். வயதானவர்கள் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14-இல் 200 சதவீதம் வரை போகும். அந்த அளவில் 'தொடர்க' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டால், ஆச்சிகளால் உள்ளேயே வர முடியாது. எழுத்துப் பகுதியைத் தனியாக ஸ்க்ரோல் ஆகும்படி செய்து, பொத்தானை அடியில் நிலையாக வைத்துவிடுங்கள்.