ஒரு சொல்லுக்கு 430 பொருளா?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் ‘செட்’ என்ற சொல் வந்தது. அகராதியைப் பார்க்கச் சொன்னேன். வை, பதி, நிர்ணயி, மறை, உறை, தொகுதி என்று நீண்டுகொண்டே போனதைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டுவிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், இது அத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எப்படித்தான் படிப்பது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்களேன்.

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பிள்ளை மிரண்டதில் தப்பே இல்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் இருக்கின்றன. விளக்கம் சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவுக்கு. பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

ஆனால் இந்தச் சொல்லைப் பிடிக்க உங்கள் மாணவர்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. தன்வினை, பிறவினை படித்திருப்பார்கள் இல்லையா? இரு, இருத்து. கிட, கிடத்து. வீழ், வீழ்த்து. ஆங்கிலத்திலும் இதே ஜோடிகள் உண்டு. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு. மரத்தை வெட்டி வீழ்த்துவது ‘ஃபெல்’. அதே வரிசையில் ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்ற வடிவில் இருந்தபோதே அதன் பொருள் அதுதான். நம் பிள்ளைகளுக்கு இலக்கண வகுப்பில் கிடைத்த சாவி இது. அங்கேயிருந்து தொடங்குங்கள்.

ஒன்றை அதற்குரிய இடத்தில், அசையாதபடி இருத்துவது. இதைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியைத் திரும்பப் பாருங்கள். மோதிரத்தில் கல் பதிப்பது செட். பிசகிய எலும்பைப் பொருத்துவது செட். கடிகாரத்தில் நேரம் வைப்பது, ஒரு பொருளுக்கு விலை வைப்பது, பாட்டுக்கு மெட்டு அமைப்பது, தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் செட். சிமெண்ட் இறுகுவதும் ஜெல்லி உறைவதும் செட். அங்கே பொருள் தானாகவே தன் இடத்தில் நிலைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கோழி. முட்டைகளின் மேல் கோழியை உட்காரவைப்பதற்கு ஆங்கிலத்தில் கோழியை ‘செட்’ செய்வது என்பார்கள். நாம் அடை வைப்பது என்கிறோம். சூரியன் மறைவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல். நம் கிராமத்திலும் பொழுது சாய்ந்தால் கோழி அடைகிறது, பொழுதும் அடைகிறது. எங்கோ வடகடல் ஓரத்தில் பிறந்த ஒரு மொழியும் நம் மொழியும் கோழியையும் சூரியனையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சாவி திறக்காது. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு வேரிலிருந்து வந்தது. லத்தீன் ‘செக்டா’, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஏற்கெனவே இருந்த வினைச்சொல்லோடு கலந்துவிட்டது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. கணக்கு வகுப்பில் நாம் கணம் என்றும் இலங்கையில் தொடை என்றும் சொல்வது இந்தத் தொகுதி செட்டைத்தான். நாம் இரண்டையும் வாங்கிக்கொண்டோம். பம்பு செட், செட் தோசை, ‘அவங்க எங்க செட்டு’ என்பதெல்லாம் தொகுதி. ‘அந்த வேலை எனக்கு செட் ஆகல’ என்பதில் இருப்பது இருத்துகிற செட், பொருந்தி உட்காரவில்லை என்ற அர்த்தம்.

‘செட்’டுக்குப் பின்னால் இன்னொரு சொல் சேரும்போதுதான் கவனம் வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு வார இதழுக்காக நீதிமன்றச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தேன். கீழ்க்கோர்ட் உத்தரவை உயர் நீதிமன்றம் ‘செட் அசைட்’ செய்தது என்று இருந்தது. ரத்து செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். நான் ‘ஒதுக்கி வைத்தது’ என்று எழுதிவிட்டேன். வழக்கில் ஜெயித்தவரே அதைப் படித்துவிட்டு, விஷயம் இன்னும் முடியவில்லையோ என்று தவித்துப்போய் அலுவலகத்துக்கு போன் செய்தார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட சொற்களைத் தனியாக எழுதிவைப்பதில்லை. உத்தரவோடு வரும்போது இது, பணத்தோடு வரும்போது இது என்று, துணையோடு சேர்த்தே குறித்துக்கொள்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் அப்படியே செய்யலாம். ஆனால் முதல் நாள் ஆங்கிலம் வேண்டாம். கரும்பலகையில் ‘போடு’ என்று எழுதுங்கள். சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், காபி போடுகிறோம், சோறு போடுகிறோம், கணக்கு போடுகிறோம், சண்டை போடுகிறோம். நர்ஸ் ஊசி போடுகிறார், ஆடு குட்டி போடுகிறது, பஞ்சாயத்து ரோடு போடுகிறது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள், பாருங்கள், அதுவும் ஒரு போடு. இதில் எதையாவது யாராவது மனப்பாடம் செய்தார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் அகராதியில் ‘போடு’ பார்த்தால் எப்படி மிரளுவார் என்றும் கேளுங்கள்.

மறுநாள் ‘செட்’டுக்கு வாருங்கள். கல், எலும்பு, கடிகாரம், சிமெண்ட், சூரியன் என்று ஆளுக்கு ஒரு துணையைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கோழி அடை வைத்த பிள்ளை யாராவது இருந்தால், அவளை முதலில் பேசவிடுங்கள்.