கேட்காதவருக்கே முதல் சம்பளம்

கேள்வி: நான் மதுரைக்காரன். 17 ஆண்டுகளாக இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறேன், தொழில் கணக்காளர். மகன் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்ததிலிருந்து எனக்கும் அந்தக் கழகத்தின்மேல் தனிப் பற்று. இப்போது அதன் பொருளாளராகவும் இயக்குநர்களில் ஒருவனாகவும் இருக்கிறேன். நூறாண்டைக் கடந்த அந்தக் கழகம் ஆறாம் நிலையான நேஷனல் லீக் நார்த்தில் ஆடுகிறது. ஆண்டு வருமானம் 6 லட்சம் பவுண்டு. மேல் நிலைக்கு ஏறிவிடலாம் என்று நம்பி, இந்த சீசனில் வீரர் சம்பளத்துக்கு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம் ஒதுக்கினோம். ஜனவரியோடு கையிருப்பு தீர்ந்துவிடும். வீரர்களுக்கு ஒரு வாரச் சம்பளம்கூட இதுவரை தவறவில்லை. பகுதி நேரமாக மைதானத்தைப் பராமரிக்கும் பெரியவருக்கும், தேநீர்க் கூடத்தைக் கவனிக்கும் அம்மையாருக்கும் மட்டும் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்கள் நம் வீட்டு மனிதர்கள் மாதிரி, கேட்கமாட்டார்கள். சீசன் முடியும்வரை தாக்குப்பிடிக்க, எங்கள் வீட்டை அடமானம் வைத்து 80 ஆயிரம் பவுண்டு வாங்கிக் கழகத்துக்குக் கடனாகக் கொடுக்க நினைக்கிறேன். இதுவரை வரவு செலவு எதையுமே கேட்டிராத என் மனைவி, இப்போது கையெழுத்துப் போட மறுக்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லங்காஷயர்

பதில்:

உங்கள் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதனால்தான் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில், உங்கள் கடிதத்தில் ஒன்றரை வரியில் கடந்துபோன அந்தப் பெரியவரையும் அம்மையாரையும் பற்றிப் பேச வேண்டும்.

அவர்கள் உங்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருடைய சாப்பாட்டையாவது இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? உறைபனிக் காலையில், ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று நடுவர் வந்து பார்ப்பதற்கு முன்பே தரையைத் தயார் செய்கிறவர் அந்தப் பெரியவர். அவருக்கு வீட்டு வாடகை உண்டா, மருந்துச் செலவு உண்டா, இந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்க என்ன செய்கிறார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது ஒன்று தெரிந்ததால்தான், இருக்கிற எல்லாரையும் விட்டுவிட்டு அவர்கள் இருவருடைய கூலியில் கை வைத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து சிறக்க வேண்டும் என்பதற்காகச் சமையற்காரருக்குத் தர வேண்டியதை ‘அப்புறம் வந்து வாங்கிக்கொள்’ என்று தள்ளிப்போடும் கல்யாண வீட்டைப் போல உங்கள் கழகம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதே வழக்கத்தை ஆலைகளிலும் கடைகளிலும் கோயில் கமிட்டிகளிலும் பலமுறை படித்திருக்கிறேன். விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் எவர்மேல் இருக்கிறதோ அவருக்குச் சம்பளம் நாள் தவறாமல் போகும். அன்பினால் தங்கியிருப்பவர் காத்திருப்பார். உங்கள் முன்கள வீரருக்கு வேறொரு கழகம் ஐம்பது பவுண்டு கூடுதலாகத் தரக்கூடும். அந்தப் பெரியவரை யார் கொத்திக்கொண்டு போகப்போகிறார்கள்? அவர்களுடைய பாசத்தை வட்டியில்லாக் கடனாக எடுத்துச் செலவழித்திருக்கிறீர்கள். கடன் கேட்கிறோம் என்று அவர்களிடம் சொல்லும் மரியாதையைக்கூட நீங்கள் காட்டவில்லை. ஒரு நிறுவனத்தின் பொருளாளர் செய்யத் தகாத முதல் காரியம் இது.

நீங்கள் இருக்கும் நாட்டின் கால்பந்து அமைப்பே இந்த அநியாயத்தை விதியாக எழுதி வைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஒரு கழகம் நொடித்துப்போனால், அது லீக்கில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், வீரர்களுக்கும் முழுநேர ஊழியர்களுக்கும் பிற கழகங்களுக்கும் தர வேண்டியதை முழுமையாகத் தந்தாக வேண்டும். துணி வெளுத்தவர், அச்சடித்தவர், ரொட்டி கொடுத்தவர் எல்லாரும் பவுண்டுக்குச் சில பென்ஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். 2010-ல் போர்ட்ஸ்மவுத் கழகம் நொடித்தபோது, பாக்கி வர வேண்டியவர்களின் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு நிறுவனமும் இருந்தது. இந்த விதியை எதிர்த்து வரித்துறையே உயர் நீதிமன்றம் வரை போய் 2012-ல் தோற்றது. நாளை உங்கள் கழகம் மூடப்பட்டாலோ நொடிப்பு நிர்வாகி கைக்குப் போனாலோ, பகுதி நேரமாகப் பணிபுரியும் உங்கள் பெரியவரும் அம்மையாரும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்பார்கள். இந்த விதி தெரியாத கணக்காளர் நீங்கள் என்று நான் நம்பவில்லை.

பெரி என்ற ஊரின் கால்பந்துக் கழகத்தின் கதை உங்கள் பகுதியிலேயே நடந்தது. 1885-ல் தொடங்கி, 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்று, 125 ஆண்டுகள் மேல்நிலைக் கழகங்களின் லீக்கில் நீடித்த கழகம் அது. வருமானத்துக்கு மீறிச் சம்பளம் கொடுத்தது; 2018 டிசம்பரில் வெறும் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது; அடுத்த மாதங்களில் வீரர்களுக்கே சம்பளம் பாக்கி விழுந்தது. அதே சீசனில் அணி மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு ஏறியும் விட்டது! நீங்கள் எதிர்பார்க்கும் அந்த ஏற்றம் பெரிக்குக் கிடைத்தது. ஆனால் 2019 ஜூலையில் வணிகர்களுக்கு வர வேண்டிய தொகையில் 25 விழுக்காடு மட்டும் தருவதாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து அந்தக் கழகம் வெளியேற்றப்பட்டது. கழகத்தை வாங்க ஒருவர் வந்துவிடுவார் என்று நம்பி, அன்று காலையிலும் ஊர் மக்கள் துடைப்பத்துடன் வந்து கிக் லேன் மைதானத்தைக் கூட்டிக் கழுவினார்கள். கூலி கேட்காத மனிதர்கள் அங்கும் இருந்தார்கள்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். வருமானத்தில் 90 விழுக்காட்டை வீரர் சம்பளத்துக்கு ஒதுக்கிவிட்டு, மின்சாரம், காப்பீடு, பயணம், காவல், மைதானம், வரி ஆகிய அனைத்தையும் மீதிப் பத்துக்குள் முடிப்பதாகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு நிலை மேலே உள்ள லீக் டூவில், வீரர் சம்பளம் வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. அந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு: முதலாளி கொடுக்கும் நன்கொடையையும் பங்கு முதலையும் வருமானமாகவே எண்ணிக்கொள்ளலாம். அவர் கொடுக்கும்வரை கணக்கு சரியாக இருக்கும். நிறுத்திய மாதமே கவிழ்ந்துவிடும். உங்கள் 80 ஆயிரமும் அப்படிப்பட்ட வருமானம்தான்.

உங்கள் பிரிவில் 24 அணிகள் ஆடுகின்றன. மேலே ஏறுபவை இரண்டு. மற்ற அணிகளின் பொருளாளர்களும் ‘ஏறிவிட்டால் சரியாகிவிடும்’ என்று நம்பியே ஒப்பந்தம் போட்டால், பெரும்பாலோர் கடனோடு அதே இடத்தில் நிற்பதைத் தவிர வேறு முடிவு இல்லை. ஏறுகிறவருக்கும் நிம்மதி இல்லை. அடுத்த நிலையில் முழுநேர வீரர்களை வைத்திருக்கும் கழகங்களோடு போட்டியிட வேண்டியிருப்பதால் சம்பளச் செலவு இன்னும் கூடும். அத்துடன், கீழ்நிலைக் கழகத்தின் பணம் வரும் காலமும் போகும் காலமும் ஒத்துப்போவதில்லை. சீசன் டிக்கெட், விளம்பரப் பலகை ஆகியவற்றின் பணம் கோடையிலேயே வந்து செலவாகிவிடுகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் மழையும் பனியும் ஆட்டங்களைத் தள்ளிப்போடும்போது வாயில் வசூலும் தேநீர்க் கூடத்து விற்பனையும் நின்றுபோகின்றன; வாரச் சம்பளம் நிற்பதில்லை. கோப்பைப் போட்டியில் சில சுற்று முன்னேறினால் பரிசுப் பணம் வரும் என்று அதையும் வரவில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரும் என்று உறுதியில்லாத பணத்தை வரவில் எழுதக்கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

வீரர்களைக் குற்றம் சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்த வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. வீரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் போராடி அதை ஒழித்தது நியாயமே. 2020-ல் லீக் டூ கழகங்கள் ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு என்று சம்பள உச்சவரம்பு வைத்தபோது, வீரர் சங்கம் எதிர்த்து நடுவர் மன்றத்துக்குப் போய், 2021 பிப்ரவரியில் அதை நீக்க வைத்தது. ஒப்புக்கொண்ட சம்பளத்தைக் கேட்பது வீரரின் உரிமை. தர முடியாததை ஒப்புக்கொண்டது உங்கள் இயக்குநர் குழு. வெளியிலிருந்து எவரும் வந்து உங்கள் கையைக் கட்டப்போவதில்லை; 2025-ல் சட்டம் இயற்றி அமைத்த கால்பந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பும் முதல் ஐந்து நிலைகளோடு முடிந்துவிடுகிறது. ஆறாம் நிலையில் உங்கள் மனசாட்சியும் நொடிப்புச் சட்டமும்தான் மிச்சம்.

அந்தச் சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். நிறுவனம் மீள வழியில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க முயலாமல் தொடர்ந்து நடத்தும் இயக்குநர், தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட நேரலாம் என்று 1986-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் கூறுகிறது. எது தெரிந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்போது அந்த இயக்குநரின் சொந்தத் தொழில் அறிவையும் சேர்த்தே பார்ப்பார்கள். கசாப்புக் கடைக்காரரான இயக்குநர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிப் பார்க்கலாம். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் மனைவி. இதுவரை அவர் எதையும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மைதானத்துப் பெரியவரைப் பற்றி எழுதியதும் இதையேதான். கேட்காதவர்களின் பங்கிலிருந்து எடுப்பது உங்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. கழகத்தில் இருவரிடம் எடுத்தது போதாமல், மூன்றாவதாக வீட்டில் உள்ளவரிடம் வந்திருக்கிறீர்கள். அவர் கேட்கிறவராக மாறிவிட்டார் என்பதுதான் உங்கள் சிக்கல். அடமானம் போகப்போவது உங்கள் மகன் தூங்கும் வீடு. அந்தப் பணத்தைப் பிணையில்லாத கடனாகக் கழகத்துக்குக் கொடுத்தால், கழகம் விழும் நாளில் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். வரித்துறைக்குச் சேர வேண்டிய சம்பள வரியும் விற்பனை வரியும் 2020 டிசம்பரிலிருந்து உங்களுக்கு முன்னால் நிற்கின்றன. குடும்பத்தைக் காப்பதும் ஊருக்கு உழைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் கருதவில்லை. ஆனால் ஊருக்குக் கொடுப்பது நம் கையில் உள்ளதாக இருக்க வேண்டும். மனைவியின் கூரையை எடுத்துக் கொடுப்பதற்கு நமக்கு உரிமை கிடையாது. அவரைச் சம்மதிக்க வைக்கும் வழியை என்னிடம் கேட்காதீர்கள், நான் சொல்லித்தரமாட்டேன்.

செய்ய வேண்டியது வேறு. கழகக் கணக்கில் இன்று பணம் இருக்கிறது. இந்த வார வீரர் சம்பளம் போவதற்கு முன்னால் அந்த இருவருடைய இரண்டு மாத பாக்கியும் முழுமையாகப் போக வேண்டும். அலுவலகத்துக்கு அவர்களை வரவழைக்காமல், நீங்களே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு வரித்துறைக்குச் செலுத்த வேண்டியது எதுவும் இதேபோல் நின்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள்; கேட்காதவரிடம் தொடங்கும் பழக்கம் மெதுவாகக் கேட்பவரிடமும் போகும் என்பதால் சந்தேகப்படுகிறேன். இயக்குநர் குழுவைக் கூட்டி, உரிமம் பெற்ற நொடிப்பு ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். வீரர்களிடம் உண்மை நிலையைச் சொல்லி, குறைத்த சம்பளத்துக்கு இருக்க விரும்புவோரை வைத்துக்கொண்டு, போக விரும்புவோரைக் கட்டணமின்றி விடுவியுங்கள். மீதி ஆட்டங்களை இளைஞர் அணியோடு ஆடுங்கள். கீழே இறங்க நேர்ந்தால் இறங்குங்கள். ஏழாம் நிலையிலும் உங்கள் மகனுக்கு ஆட மைதானம் இருக்கும்.

ரசிகர்களிடமும் மறைக்காதீர்கள். எக்ஸிட்டர் சிட்டி 2003-ல் லீக்கிலிருந்து இறங்கி, கடனில் மூழ்கிய நிலையில், ரசிகர்களின் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஓல்ட் டிராஃபோர்டில் கோல் இல்லாமல் சமன் செய்தபோது கிடைத்த பெரும் பணம் அவர்களுடைய பழைய கடன்களைத் தீர்க்க உதவியது. 2008-ல் அவர்கள் மீண்டும் லீக்குக்குத் திரும்பினார்கள். ஆலி வாட்கின்ஸ் போன்ற வீரர்களைத் தங்கள் பயிற்சிக் கூடத்திலேயே வளர்த்து, வேறு கழகங்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் கழகத்தை நடத்தினார்கள். ஐந்து ஆண்டுகள் பொறுமையாக இருக்க அந்த ஊருக்கு முடிந்தது. உங்கள் ஊர் அதற்குத் தயாரா என்பதை நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் கழகத்துக்குக் கொடுக்க விரும்பினால், திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் என்று உங்கள் மனைவி சொல்லும் தொகையை நன்கொடையாகவே கொடுங்கள். அந்தத் தொகை 500 பவுண்டு என்று அவர் சொன்னால் 500 பவுண்டுதான். அடமானப் படிவத்தை நாளைக்கே வங்கியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.