பதில்: மூட்டு ஊசி போட்ட மறுநாள் வலி கூடிவிட்டதே, ஊசி வீணா?

வீணாகவில்லை. முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாள் வலி முன்பைவிடக் கூடுவது சிலருக்கு நடப்பதுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும்.

ஊசி போட்ட அன்று மாலைவரை வலியே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்டீராய்டின் வேலை அல்ல, கூடவே கலந்து போடும் மரப்பு மருந்தின் வேலையாக இருக்கும். சில மணி நேரத்தில் அது இறங்கிவிடும். ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். அதற்குள் மருந்தின் நுண்ணிய படிகங்கள் மூட்டின் உள்சவ்வை உறுத்துவதால்தான் இந்த வலி என்று கருதுகிறார்கள்.

ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 10-15 நிமிடம் வையுங்கள். ரெண்டு நாள் மாடிப்படி ஏற வேண்டாம். அப்புறம் எந்தக் கால் அதிகம் சுடுகிறது என்று தெரிய, புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தெர்மாமீட்டரில் காய்ச்சலும் பாருங்கள்.

ஊசி போட்ட கால் மட்டும் நன்றாகச் சுட்டு, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலும் அப்படித்தான். மூட்டுக்குள் கிருமித் தொற்று அரிது, ஆனால் வந்தால் சில நாளிலேயே மூட்டைக் கெடுத்துவிடும். தயவுசெய்து பொறுத்துப் பார்க்காதீர்கள்.

சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னீர்களே, ஒரு வாரத்துக்கு வீட்டிலேயே அளவு பார்த்து வாருங்கள்; இந்த ஊசிக்குப் பிறகு அது ஏறும். ரொம்ப ஏறினால் மாத்திரையை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.